பிறர் கதையும் தன் நடையும்

ஒருவர் படைத்த கதைமாந்தரை இன்னொருவர் எடுத்துக்கொண்டு, கதையை நீட்டியோ மாற்றியோ எழுதுவதுண்டு. இதனை இக்காலத்தார் ரசிகர் புனைவு என்பர். பெயர் புதிது, வழக்கம் பழையது. கல்கி 1950ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' முடிவுற்ற பின்னரும் அதன் மாந்தரைப் பிரிய வாசகர்க்கு மனம் வரவில்லை. விக்கிரமன் அக்கதையின் தொடர்ச்சியாக 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார்.

இத்துறையில் புகும் இளைஞர்க்கு இடர் ஒன்று உண்டு. மாந்தரை இரவல் பெறும்போதே மூல ஆசிரியரின் நடையையும் அவர்கள் இரவல் பெற்றுவிடுகின்றனர். வந்தியத்தேவனைப் பேசவைக்கும் பேனா, கல்கியின் குறும்பையும் அவர் வாக்கியத்தின் ஓட்டத்தையும் தன்னை அறியாமலே பின்பற்றுகிறது. பயிற்சிக்கு இது தீங்கன்று. ஆயினும் அங்கேயே நின்றுவிடுபவர் பிறர் குரலிலேயே பேசிப் பழகிவிடுவர்.

இரவல் கதையில் தன் நடை எவ்வாறு பிறக்கும் என்பதற்கு அகலிகை கதை நல்ல சான்று. வான்மீகியில் அகலிகை கல்லாவதில்லை; பிறர் கண்ணுக்குப் புலப்படாமல், காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலிற் கிடந்து தவம் புரிகிறாள். கம்பரில் அவள் கல்லாகி, இராமன் திருவடித் துகள் பட்டு எழுகிறாள். புதுமைப்பித்தனோ 1943இல் எழுதிய 'சாப விமோசனம்' சிறுகதையில், சாபம் தீர்ந்த பின்னர் அவள் வாழ்வு எவ்வாறு கழிந்தது என்று வினவுகிறார். சாதாரணப் பேச்சிலும் உட்பொருள் இருக்குமோ என்று அவள் அஞ்சுகிறாள். சீதையும் தீக்குளிக்க நேர்ந்ததைக் கேட்டபின் அவள் மீண்டும் கல்லாகிறாள்.

கதை ஒன்றே. எனினும் புதுமைப்பித்தன் கதையை வேறொருவர் கதையென எவரும் மயங்கமாட்டார். காரணம் சொல்லலங்காரம் மட்டுமன்று. முன்னோர் கேளாத வினாவை அவர் கேட்டார். அவர்கள் விரைந்து கடந்த இடத்தில் தங்கினார். வினா தமதாக இருந்தமையால் சொல்லும் தமதாயிற்று. நடை என்பது முதலில் பார்வை, பின்னரே மொழி.

இவ்வுண்மை சபரகமுவத் தோட்டப்புற இளைஞர்க்குச் சிறப்பாகப் பொருந்தும். எம்பிலிப்பிட்டியச் சமவெளியிலிருந்து இறக்குவானைப் பக்கம் ஏறினால் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் எதிர்ப்படும். அங்கு வளரும் பிள்ளைக்கு வீட்டில் ஒரு தமிழ், பாடநூலில் ஒரு தமிழ். லயம், பிரட்டு, கவ்வாத்து முதலிய சொற்கள் கதைக்குத் தகா என்று கூசி, அவன் காணாத அரண்மனைகளைக் கடன் சொற்களால் கட்டுகிறான். அக்கூச்சத்தால் இழப்பு மொழிக்கே.

மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்து இக்கூச்சத்தை அறியாது. ரதியும் மன்மதனும் புராணத்து மாந்தரே. ஆயினும் கணவன் எரிந்தபின் ரதி புலம்பும்போது, லயத்தில் இழவு வீட்டில் எழும் ஒப்பாரியின் சாயல் அதிற் கேட்கிறது. பழைய கதை அவ்வாறே அம்மக்களின் கதையாகிறது.

அவ்வழியில் ஓர் இளைஞன் அசோகவனத்தைப் பற்றி எழுதட்டும். சீதையைப் பற்றி எழுதினோர் பலர். இரவெல்லாம் காவலிருந்த அரக்கியருள் ஒருத்தி, தன் குழந்தையை எவரிடம் விட்டு வந்தாள்? பிள்ளை மடுவத்தில் குழந்தையை விட்டுக் கொழுந்து பறிக்கச் செல்லும் தாயைக் கண்டவனுக்கே இவ்வினா எளிதில் தோன்றும். அதற்கு விடை எழுதத் தொடங்கியதும் கல்கியின் வாக்கியமோ புதுமைப்பித்தனின் எள்ளலோ அவனுக்குப் போதா. தாய் பேசிய சொல்லே கைகொடுக்கும். அதற்காகப் பேச்சு வழக்கை வரிதோறும் திணித்தல் வேண்டா; வேண்டுமிடத்தில் அஞ்சாது ஆளுதலே போதும்.

எழுதியதைச் சில நாள் மறைத்து வைத்து, பின்னர் உரக்க வாசித்தல் நன்று. பிறர் குரல் ஒலிக்கும் வரிகளைச் செவி காட்டிக்கொடுக்கும். அவற்றை நீக்கியபின் எஞ்சுவது சில வரிகளேயாயினும், அவையே எழுதியவனுக்கு உரியவை. அடுத்த கதையை அவன் அவ்வரிகளிலிருந்து தொடங்கலாம்.