நீலச் சுடர் அணைந்த பிறகு

திருவாரூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் குடும்பம் இங்கிலாந்தில், லெஸ்டரில். கோடை விடுமுறைக்குக் கால்வாய்ப் படகு ஒன்றை வாடகைக்கு எடுக்கிறார்களாம், இவரும் போகிறார். கோழிக்கு மசாலா தடவி எடுத்துப்போய்ப் படகின் முன்தளத்திலேயே பார்பிக்யூ போட வேண்டும் என்பது மருமகளின் ஆசை. “சுற்றிலும் தண்ணீர்தானே அத்தை, நெருப்புக்கு என்ன பயம் என்கிறாள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை” என்று முடித்திருக்கிறார்.

அம்மா, உங்கள் மனசு சொல்வதுதான் சரி. ஆனால் பயப்பட வேண்டியது தீப்பிடிப்பதற்கு மட்டுமில்லை.

அந்தப் படகுகளை ‘நேரோபோட்’ என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் வெட்டிய கால்வாய்களின் மதகுகள் ஏழடி அகலம்தான் என்பதால் படகும் ஏழடிக்குள் அடங்க வேண்டும். நீளம் மட்டும் எழுபது அடி வரை போகும். இரும்புத் தகட்டாலான அந்த ஒடுங்கிய கூட்டுக்குள்தான் படுக்கை, சமையல், குளியல் எல்லாம். முன்னால் நாலு பேர் உட்காரும்படி ஒரு திறந்த தளம் உண்டு. மழைக்கு அதன்மேல் கேன்வாஸ் கூடாரம் இழுத்துக் கட்டுவார்கள். இங்கிலாந்தில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தூறல் விழுந்ததும் கூடாரத்தை இழுத்துவிட்டு, சமையலை அப்படியே உள்ளே தொடர்வதுதான் மனித இயல்பு. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

தீயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கயிறு நைலான், மெத்தை பஞ்சு, கடலில் போகும் படகென்றால் உடம்பே ஃபைபர். பொறி பறந்தால் எல்லாமே பிடிக்கும். பாய்மரப் படகுக்காரர்கள் பின்பக்கக் கம்பியில், படகுக்கு வெளியே தொங்கும்படி மூடிபோட்ட துருப்பிடிக்காத அடுப்பைப் பொருத்துவார்கள். நங்கூரம் போட்ட படகு காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும் என்பதால் புகையும் பொறியும் பின்னால் போய்விடும். அந்தப் பின்பக்கத்திலேயே பெட்ரோல் கேனையோ சிறு படகையோ கட்டி வைக்காமலிருக்க வேண்டும். கரையில் கட்டிய கால்வாய்ப் படகுக்கு இந்த வசதி கிடையாது. காற்று எந்தப் பக்கமிருந்தும் வரும்.

கேஸ் அடுப்பென்றால் வேறு கவலை. புரோப்பேன் காற்றைப்போல ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு கனம். வீட்டில் கசிந்தால் கதவிடுக்கு வழியாகவாவது கொஞ்சம் வெளியேறும். படகில் அது அடித்தட்டில் இறங்கித் தேங்கிவிடும். தண்ணீர் உள்ளே வராதபடி கட்டிய கூட்டுக்குள்ளிருந்து கேஸ் எப்படி வெளியே போகும்? அதனால்தான் முறையான படகுகளில் சிலிண்டருக்குத் தனிப் பெட்டி வைத்து, அதன் அடியிலிருந்து படகுக்கு வெளியே துளை விட்டிருப்பார்கள். சின்ன கேஸ் டின் மிச்சமிருந்தாலும் அந்தப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். படுக்கைக்கு அடியில் அல்ல.

இனி கரி. எனக்கு இந்த விஷயத்திலேயே ஆச்சரியம் தருவது இதுதான். நன்றாகப் பிடித்த கரியடுப்பை இருட்டில் உற்றுப் பாருங்கள். செக்கச் சிவந்த கங்குகளின் மேலே மெல்லிய நீலச் சுடர்கள் தத்தித் தத்தி ஆடும். அந்தச் சுடரில் எரிவது கரி அல்ல, கார்பன் மோனாக்சைடு. அடியில் காற்று பட்டு எரியும் கரி கார்பன் டை ஆக்சைடாகிறது. அது மேலேயுள்ள கங்குகளின் ஊடே ஏறும்போது, அந்தச் சூட்டில் இன்னும் கொஞ்சம் கரியைச் சேர்த்துக்கொண்டு மோனாக்சைடாக மாறிவிடுகிறது. மேற்பரப்புக்கு வந்து புதுக்காற்றைத் தொட்டதும் நீலமாகப் பற்றிக்கொள்கிறது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது நம்மூர்ப் பேருந்துகள் ஓடியது இந்த வாயுவில்தான். பின்னால் ஒரு பெரிய உருளையில் கரியைப் போட்டு மூட்டி, கிளீனர் நின்று காற்றுச் சக்கரத்தைச் சுற்றுவார். பேருந்தையே இழுக்கும் சரக்கு அது.

சமையல் முடிகிறது. சூடு தணிகிறது. நீலச் சுடரும் அணைகிறது. பற்றிக்கொள்ளும் அளவுக்கு மேலே சூடு இல்லை. ஆனால் உள்ளே வாயு உண்டாவது நிற்பதில்லை. இதுவரை எரிந்து தீர்ந்துகொண்டிருந்த பங்கும் இப்போது எரியாமல் அப்படியே வெளியே வருகிறது. புகை இல்லை, வாடை இல்லை, நிறம் இல்லை. எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியில் வெறும் சாம்பல் மூடியிருப்பது போலத்தான் தெரியும். மூடியைத் திறந்து ஒரு விசிறு விசிறினால் உள்ளே கனன்றுகொண்டிருப்பது கண்ணைப் பறிக்கும். பார்பிக்யூ தட்டும் அப்படித்தான், மணிக்கணக்கில். ‘அணைந்துவிட்டதே, மழையில் நனைய வேண்டாம்’ என்று அதை உள்ளே எடுத்து வைப்பவர்களும், ‘இந்தச் சூடாவது இருக்கட்டும்’ என்று குளிருக்கு வைத்துக்கொள்பவர்களும்தான் செத்துப்போகிறார்கள்.

ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், கிறுகிறுப்பு. படகில் இருப்பவர் அதைப் படகின் ஆட்டம் என்று நினைத்து, கொஞ்சம் படுத்தால் சரியாகும் என்று உள்ளே போய்ப் படுப்பார். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி, வெடிவிபத்து நடந்த சுரங்கங்களில் பலரைக் கொன்றது இந்த வாயுதான் என்று 1896-இல் எடுத்துச் சொன்னார். மனிதனுக்கு முன்பே சுருண்டு விழும் சிறு உயிரைக் கையோடு கொண்டுபோகலாம் என்ற யோசனையும் அவருடையதே. பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986 வரை கானரிக் குருவிகள் அந்த வேலையைப் பார்த்தன.

இன்று குருவிக்குப் பதில், மோனாக்சைடு வந்தால் அலறும் உள்ளங்கையளவு கருவி. பிரிட்டனின் உள்நாட்டு நீர்வழிகளில், தங்கும் அறையுள்ள படகுகளுக்கு 2019 ஏப்ரல் முதல் இது கட்டாயம். படகில் ஏறியதும் மகனை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கோழியைக் கரையில் சுடுங்கள். படகைக் கட்டி நிறுத்தும் இடங்கள் சிலவற்றில் அதற்கும் தடை உண்டு, பலகையைப் படித்துக்கொள்ளுங்கள். பார்பிக்யூ போடும் அலுமினியத் தட்டைப் புல்லில் நேரே வைத்தால் அந்த இடம் கருகிப்போகும், கால் வைத்த தாங்கியோ செங்கல்லோ வேண்டும். மழை வந்தால் கறியை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடுங்கள், அடுப்பு நனையட்டும். முடிந்ததும் கரியைத் தண்ணீரில் ஊறவைத்து, கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகுதான் குப்பைக்கு.

இங்கே நம் ஊரை நினைத்து ஆற்றாமைதான் வருகிறது. கொடைக்கானலில் ‘பார்பிக்யூ இரவு’ என்று விளம்பரம் செய்கிறார்கள். கரியும் அடுப்பும் கொடுத்துக் காசு வாங்குபவர்கள், ‘இதை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்’ என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்வதில்லை. குளிருக்குக் கங்குகளை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியை இதற்குள் நாம் படித்துமாயிற்று. வரவேற்பறைச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு தாள் ஒட்ட என்ன செலவாகும்? விடுதிக்கு உரிமம் கொடுப்பவர்கள் அறைக்கு ஒரு கருவி என்று கேட்டால்தான் என்ன?

மறுபடி உங்கள் படகுக்கு வருகிறேன். கருவி அலறினால் காரணம் தேட வேண்டாம். கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் கரைக்கு வந்துவிட வேண்டும், தூங்கும் குழந்தையையும் எழுப்பித் தூக்கிக்கொண்டு. தலைவலியோ குமட்டலோ யாருக்காவது இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. கொரோனா காலத்தில் வாங்கிய, ஆக்சிஜன் அளவு காட்டும் விரல்நுனிக் கருவியை மாட்டிப் பார்த்து, 98 காட்டுகிறது என்று நிம்மதியடையாதீர்கள். மோனாக்சைடு ஏறிய ரத்தமும் சிவப்புதான். அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. டாக்டரிடம் முதல் வார்த்தையாகக் கரியடுப்பைச் சொல்லுங்கள். அப்போதுதான் அதற்கென்று உள்ள ரத்தப் பரிசோதனையை எடுப்பார், முகமூடி வைத்து முழு ஆக்சிஜன் கொடுப்பார்.