வீட்டை ரினோவேட் செய்யப் போறீங்களா? கோட்டேஷனில் இல்லாத செலவையும் கணக்குப் போடுங்க

கிச்சனைப் பின்பக்கம் நீட்டணும். முன்னால் கார் நிறுத்தும் இடத்துக்கு ஆவ்னிங், புது கேட், வாசலுக்கு டைல்ஸ். மழை பெய்தால் தண்ணீர் தேங்காமல் இருக்க லோங்காங்கையும் சரிபண்ணணும். டெரஸ் வீட்டில் இருக்கும் பல மலேசியக் குடும்பங்களில் இந்தப் பட்டியல் பேசப்படும். "தீபாவளிக்குள்ள முடிச்சிடலாமே" என்று யாராவது சொல்வார்கள்.

காண்ட்ராக்டர் மொத்தம் 60,000 ரிங்கிட் என்று கோட்டேஷன் கொடுக்கிறார் என வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாருடைய பார்வையும் உங்கள் பக்கம் திரும்புகிறது. நிலையான வேலை, மாதச் சம்பளச் சீட்டு இரண்டும் உங்களிடம்தான் இருக்கின்றன.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 60,000 என்பது காண்ட்ராக்டர் கேட்கும் விலை. உங்கள் கையிலிருந்து கடைசியில் எவ்வளவு போகும் என்பது, பணத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள், எத்தனை வருடத்தில் அடைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தக் கட்டுரை முழுவதும் அதே 60,000 ரிங்கிட்டை வைத்தே கணக்குப் போடுவோம். வட்டி விகிதங்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் வங்கி சொல்வது வேறாக இருக்கலாம்.

கோட்டேஷனில் வராத செலவு எது?

முதலில் அனுமதி. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் வீட்டை நீட்டிக் கட்டுவதற்கு உங்கள் ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். பெரிய வேலை என்றால் வரைபடம் போட்டுச் சமர்ப்பிக்க வேண்டியிருக்கும். வரைபடச் செலவு, கட்டணம், முன்பணம் எல்லாம் தனி. "அதெல்லாம் தேவையில்ல, பக்கத்து வீட்டுக்காரங்களும் எடுக்கல" என்று காண்ட்ராக்டர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். அபராதக் கடிதமோ இடிக்கச் சொல்லும் உத்தரவோ வந்தால், அது வீட்டு உரிமையாளர் பெயருக்குத்தான் வரும்.

வாசல் பக்கமும் கவனம் தேவை. கேட்டுக்கு வெளியே இருக்கும் புல்தரையும் லோங்காங்கும் பொதுவாக உங்கள் நிலத்தில் சேராது. அங்கே டைல்ஸ் போட்டாலும் கூரை போட்டாலும், ஊராட்சி மன்றம் எடுக்கச் சொன்னால் எடுக்கத்தான் வேண்டும். அந்தப் பணம் திரும்பி வராது.

இரண்டாவது, நடுவில் முளைக்கும் செலவு. டைல்ஸை உடைத்த பிறகுதான் பழைய குழாய் கசிவது தெரியும். "இதையும் சேர்த்துச் செஞ்சிடலாமே" என்ற ஆசையும் அப்போதுதான் வரும். கோட்டேஷன் தொகையில் 10 முதல் 15 விழுக்காட்டைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். 60,000க்கு அது 6,000 முதல் 9,000 ரிங்கிட்.

மேம்பாட்டாளரிடமிருந்து புதிதாக வாங்கிய வீடா? சாவி கிடைத்ததிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியவரும் குறைகளை மேம்பாட்டாளர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். நீங்கள் அவசரப்பட்டு இடித்து மாற்றிய பகுதிக்கு அந்த உரிமையைக் கேட்பது சிரமமாகிவிடும். ஆகவே முதலில் குறைகளைப் பட்டியல் போட்டு சரிசெய்ய வைத்துவிட்டு, பிறகு ரினோவேஷனைத் தொடங்குங்கள்.

இ.பி.எஃப் பணத்தை எடுக்கலாமா?

நிறைய பேர் கேட்கும் கேள்வி இது. ஊழியர் சேமநிதி வாரியத்தின் வீடமைப்பு மீட்பு, வீடு வாங்க, கட்ட, வீட்டுக் கடனைக் குறைக்க உதவும். இருக்கும் வீட்டை ரினோவேட் செய்ய அதைப் பயன்படுத்த முடியாது.

2024 மே மாதத்திலிருந்து உங்கள் சந்தா மூன்றாகப் பிரிகிறது: 75 விழுக்காடு ஓய்வுகாலக் கணக்குக்கு, 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்கு, 10 விழுக்காடு ஃபிளெக்சிபெல் கணக்குக்கு. ஃபிளெக்சிபெல் கணக்கிலிருந்து குறைந்தது 50 ரிங்கிட், எப்போது வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். காரணம் கேட்க மாட்டார்கள்.

ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. இன்று 25 வயதில் 10,000 ரிங்கிட்டை எடுக்காமல் விட்டு, ஆண்டுக்கு 5 விழுக்காடு லாப ஈவு கிடைத்தால், 55 வயதில் அது 43,000 ரிங்கிட்டைத் தாண்டியிருக்கும். கூரை ஒழுகுகிறது என்றால் எடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆவ்னிங் கலர் பிடிக்கவில்லை என்றால் கொஞ்சம் யோசிங்க.

விளம்பரத்தில் 5 விழுக்காடு, உண்மையில் எவ்வளவு?

தனிநபர் கடன், அதாவது பெர்சனல் லோன், வேகமாகக் கிடைக்கும். வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். அதிகபட்சம் 10 வருடத்தில் அடைக்க வேண்டும் என்பது பேங்க் நெகாராவின் விதி.

இந்தக் கடன்களுக்கு வட்டி 'ஃபிளாட் ரேட்' முறையில் சொல்லப்படலாம். நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும், வட்டி மட்டும் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே கணக்கிடப்படும்.

60,000 ரிங்கிட், ஃபிளாட் 5 விழுக்காடு, 7 வருடம்:

- வட்டி: 21,000 ரிங்கிட்
- மொத்தம் கட்டுவது: 81,000 ரிங்கிட்
- மாதத் தவணை: ஏறக்குறைய 964 ரிங்கிட்

குறைந்துவரும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் பார்த்தால் இது ஆண்டுக்குச் சுமார் 9 விழுக்காடு. விளம்பரத்தில் பார்த்த 5 கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. அதனால் வங்கியில் "எஃபெக்டிவ் ரேட் எவ்வளவு?" என்று கேளுங்கள். இஸ்லாமிய நிதி முறையில் வட்டி என்று சொல்லாமல் லாப விகிதம் என்பார்கள். அங்கேயும் அதே கேள்வியைக் கேட்கலாம். முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு தள்ளுபடி என்பதையும் கேட்டு வையுங்கள்.

கிரெடிட் கார்டு? மலேசியாவில் பாக்கித் தொகைக்கு ஆண்டு வட்டி 15 முதல் 18 விழுக்காடு. வட்டியில்லாத் தவணைத் திட்டத்தில் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கலாம். கிச்சன் கட்டும் செலவைக் கார்டில் தேய்ப்பது ஆபத்து.

வீட்டுக் கடனோடு சேர்த்தால் மலிவா?

மூன்றாவது வழி, வீட்டை மறுநிதியாக்கம் செய்வது. வீட்டின் மதிப்பு ஏறியிருந்தால், பழைய கடனை அடைத்து, கூடுதல் பணமும் சேர்த்துப் புதிய கடன் எடுக்கலாம். வட்டி விகிதம் குறைவு. ஆனால் வீடுதான் அடமானம். தவணை கட்டாமல் போனால் வீடே ஏலத்துக்குப் போகலாம்.

அதே 60,000 ரிங்கிட், 4.2 விழுக்காடு, குறைந்துவரும் அசல் முறையில்:

- 25 வருடம்: மாதம் சுமார் 323 ரிங்கிட், மொத்த வட்டி சுமார் 37,000 ரிங்கிட்
- 10 வருடம்: மாதம் சுமார் 613 ரிங்கிட், மொத்த வட்டி சுமார் 13,600 ரிங்கிட்

விகிதம் பாதிக்கும் குறைவு, தவணையும் லேசு. இருந்தும் 25 வருடத்துக்கு இழுத்தால், பெர்சனல் லோனைவிட 16,000 ரிங்கிட் கூடுதலாக வட்டி போகிறது. ஆகவே இந்த வழியில் போனால், குறுகிய காலத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால், அபராதமில்லாமல் கூடுதலாகக் கட்ட அனுமதிக்கும் கடனை எடுத்து மாதம் 613 ரிங்கிட்டே கட்டுங்கள்.

வழக்கறிஞர் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், முத்திரை வரி எல்லாம் உண்டு. கடன் ஒப்பந்தத்துக்கான முத்திரை வரி பொதுவாகக் கடன் தொகையில் 0.5 விழுக்காடு. பழைய கடனுக்கு லாக்-இன் காலம் இன்னும் முடியவில்லை என்றால் அபராதமும் வரலாம். அப்பா, அம்மா வயதானவர்கள் என்றால் வங்கி நீண்ட காலத்துக்குக் கடன் தராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடன் யார் பெயரில்? வீடு யார் பெயரில்?

இதைப் பற்றி வீட்டில் பேசவே கூச்சமாக இருக்கும். ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும்.

வீடு அப்பா பெயரில், பெர்சனல் லோன் உங்கள் பெயரில் என்றால் இரண்டு விளைவுகள் உண்டு.

ஒன்று, உங்கள் சொந்த வீட்டுக் கனவு. மாதம் 964 ரிங்கிட் கடன் இருப்பது சி.சி.ஆர்.ஐ.எஸ் அறிக்கையில் தெரியும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது, உங்கள் சம்பளத்தில் எவ்வளவு ஏற்கனவே கடனுக்குப் போகிறது என்று வங்கி பார்க்கும். 4.2 விழுக்காட்டில் 35 வருட வீட்டுக் கடன் எடுத்தால், அதே 964 ரிங்கிட் தவணைக்குச் சுமார் 2 லட்சத்து 12 ஆயிரம் ரிங்கிட் கடன் கிடைக்கும். அப்படியென்றால், அப்பாவின் கிச்சனுக்கு வாங்கிய 60,000, நீங்கள் வாங்கக்கூடிய வீட்டுக் கடனை அந்த அளவுக்குக் குறைத்துவிடலாம். 7 வருடத்துக்கு.

இரண்டு, பின்னால் வரும் குடும்பப் பேச்சு. வீட்டு கிராண்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். ரினோவேஷனுக்கு யார் பணம் கட்டினார் என்பது அதில் எழுதியிருக்காது. அண்ணன், அக்கா, தம்பி, தங்கை எல்லாரும் உட்கார்ந்து, யார் எவ்வளவு தருகிறார்கள், அது அன்பளிப்பா கடனா, என்று ஒரு தாளில் எழுதி எல்லாரிடமும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகப்படுகிறோம் என்று அர்த்தமில்லை. நாளைக்கு மனக்கசப்பு வராமல் இருக்கத்தான் இது.

கொஞ்சம் பொறுத்தால் எவ்வளவு மிச்சம்?

இப்படிச் செய்து பாருங்கள். இன்றே லோன் எடுத்து மாதம் 964 கட்டுவதற்குப் பதிலாக, அந்த 964 ரிங்கிட்டை 2 வருடம் சேமியுங்கள். கையில் 23,000க்கு மேல் சேர்ந்துவிடும். மீதி சுமார் 37,000ஐ மட்டும் அதே ஃபிளாட் 5 விழுக்காட்டில் 4 வருடத்துக்கு எடுத்தால் வட்டி 7,400 ரிங்கிட். மாதத் தவணை 925.

மொத்தம் 6 வருடம். முதல் கணக்கைவிட ஒரு வருடம் முன்னாலேயே முடிகிறது. வட்டியில் 13,600 ரிங்கிட் மிச்சம். சிமெண்டு, டைல்ஸ், கூலி விலை இடையில் ஏறலாம்தான். அதைச் சமாளிக்க வேலையைப் பிரிக்கலாம்:

- இப்போதே: கூரை ஒழுகல், பழைய வயரிங், அடைத்த வடிகால், பெரியவர்கள் வழுக்கி விழாத பாத்ரூம்
- அடுத்து: கிச்சன்
- கடைசியில்: கேட், ஆவ்னிங், வாசல் டைல்ஸ், செடிகொடி

கனமான பொருள்கள் வாசல் வழியாகத்தான் உள்ளே போகும். முதலில் டைல்ஸ் போட்டுவிட்டு அதன்மேல் மணலையும் செங்கலையும் இறக்கினால் இரண்டு தடவை செலவு.

காண்ட்ராக்டருக்கு எப்படிக் கட்டுவது?

பணத்தை வேலைக்குப் பின்னால் அனுப்புங்கள், முன்னால் அனுப்பாதீர்கள். சி.ஐ.டி.பி பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தது மூன்று கோட்டேஷன் வாங்குங்கள். ஒப்பந்தத்தில் பொருளின் பிராண்டு, அளவு, முடிக்கும் தேதி, தாமதமானால் என்ன என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கூடுதல் வேலைக்கு விலையை எழுதி ஒப்புக்கொண்ட பிறகுதான் தொடங்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் இருந்தாலும் பரவாயில்லை.

60,000க்கு ஓர் உதாரணம்: தொடங்கும்போது 6,000. இடிப்பு, அஸ்திவாரம் முடிந்ததும் 15,000. சுவரும் கூரையும் முடிந்ததும் 18,000. வயரிங், குழாய், டைல்ஸ் முடிந்ததும் 15,000. கடைசி 6,000, எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து ஒரு மழையும் பெய்த பிறகு.

"பொருள் வாங்கணும், பாதிப் பணம் இப்பவே போடுங்க" என்றால், பொருளை நீங்களே கடையில் வாங்கிக் கொடுக்கலாம்.

பாதியில் விட்டுட்டுப் போயிட்டா?

மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில், மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா, 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம். கட்டணம் 5 ரிங்கிட்தான். வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை ஏற்பட்ட 3 வருடத்துக்குள் மனு செய்ய வேண்டும். ஒப்பந்தம், ரசீது, படங்கள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காத பணத்தை நிரூபிப்பது கஷ்டம்.

வங்கி லோன் கிடைக்கவில்லை என்று வட்டி முதலைகளிடம் போகாதீர்கள். உரிமம் பெற்றவர்கள் ஆண்டுக்கு அடமானம் இருந்தால் 12 விழுக்காடு, இல்லாவிட்டால் 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று 1951ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. "லோன் பாஸ் ஆகணும்னா முதல்ல டெபாசிட் கட்டுங்க" என்று யாராவது மெசேஜ் அனுப்பினால் அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே 997க்கு அழையுங்கள்.

ஏற்கனவே தவணைகளில் மூச்சு முட்டுகிறதா? பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏ.கே.பி.கே, கடன் ஆலோசனையை இலவசமாகத் தருகிறது. புது லோனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலும் அங்கே போய் உங்கள் கணக்கைக் காட்டலாம். இந்த மாதச் சம்பளச் சீட்டையும், இருக்கும் கடன் பட்டியலையும், அந்த 60,000 ரிங்கிட் கோட்டேஷனையும் எடுத்துக்கொண்டு போங்கள்.