ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டும் ஒரு ஸ்டேட்மெண்ட்தான்!

ஆபீஸ்ல வருஷம் ஒருமுறை ஹெல்த் செக்கப் பண்றாங்க. ரிப்போர்ட் மெயில்ல வருது. "எல்லாம் நார்மல்"னு மூடி வச்சுடறோம். பேங்க் ஸ்டேட்மெண்ட்டை இப்படிப் பார்ப்பீங்களா?

இன்னைக்கு அதுல ஒரே ஒரு வரி: வெள்ளை அணுக்கள் எண்ணிக்கை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல சுமார் 4,000 முதல் 11,000 வரை நார்மல். ஆனா அந்த நார்மலுக்குள்ளேயே மேல்பக்கம் இருக்கிறவங்ககிட்ட மெட்டபாலிக் சிண்ட்ரோம் அதிகமா இருக்குன்னு ஜப்பான், கொரியாவுல நடந்த ஆய்வுகள் காட்டுது.

ஏன்? வயித்துக்குள்ள சேர்ற கொழுப்பு சும்மா இருக்கிறதில்ல. அழற்சியைத் தூண்டுற பொருட்களைச் சுரந்துக்கிட்டே இருக்கும். அதனால வெள்ளை அணுக்களும் கொஞ்சம் கூடும்.

உடனே பயந்துடாதீங்க. காய்ச்சல், சிகரெட்கூட இந்த எண்ணை ஏத்தும். இது வெறும் சிக்னல். பார்க்க வேண்டியது இந்த ஐந்தைத்தான்:

1. இடுப்புச் சுற்றளவு: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதுக்கு மேல
2. ட்ரைகிளிசரைடு: 150 அல்லது அதுக்கு மேல
3. நல்ல கொழுப்பு (ஹெச்டிஎல்): ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50-க்குக் கீழே
4. பிபி: மேல் எண் 130 அல்லது கீழ் எண் 85-ஐத் தொட்டா
5. வெறும் வயித்துல சுகர்: 100 அல்லது அதுக்கு மேல

ஐந்துல மூணு இருந்தா அதுதான் மெட்டபாலிக் சிண்ட்ரோம். சர்க்கரை நோய், மாரடைப்பு வர்ற வாய்ப்பு கூடுது.

சரி, இதுல காசு எங்க வருது?

கம்பெனி இன்சூரன்ஸ் பொதுவா வேலை இருக்கிற வரைக்கும்தான். "அப்புறம் பார்த்துக்கலாம்"னு தள்ளிப்போட்டு, சுகர் வந்தபிறகு சொந்த பாலிசி எடுக்கப் போனா, ப்ரீமியம் கூடலாம். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். மறைச்சீங்கன்னா, பின்னாடி கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்ல. அதனால "வரியே 18 சதவீதம் போகுது"ங்கிற சாக்கும் இனிமே செல்லாது.

இந்த வாரக் கடைசியில 10 நிமிஷம் ஒதுக்குங்க. கடைசி மூணு வருஷ ரிப்போர்ட்டை எடுத்து, வெள்ளை அணுக்களையும் இந்த ஐந்து எண்களையும் ஒரு ஷீட்ல எழுதுங்க. இடுப்பளவுக்கு ஒரு டேப் போதும். மூணு எண் எல்லையைத் தாண்டியிருந்தா டாக்டரைப் பாருங்க. தாண்டலைன்னா, சொந்த பாலிசி எடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

எஸ்ஐபி மாதிரிதான் இதுவும். சீக்கிரம் ஆரம்பிச்சவங்களுக்குத்தான் லாபம்!