பசியை மறந்த சுண்டெலிகள்

தொண்டை அடைப்பான் என்றாலே பெற்றவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அந்தக் கிருமியின் விஷத்தில் ஒரேயொரு மூலக்கூறு உட்புகுந்தாலும் போதும், உயிரணு மடிந்துவிடும். ஆனால் சுண்டெலியை அது ஒன்றும் செய்வதில்லை! விஷம் நுழைவதற்கு நம் உயிரணுக்களில் இருக்கும் வாசல், எலியின் உயிரணுக்களில் வேறு விதமாக அமைந்திருக்கிறது.

ஜப்பானிய விஞ்ஞானிகளுக்கு இதிலே ஒரு யுக்தி அகப்பட்டது. மனித வாசலை உண்டாக்கும் மரபணுவை, ஈரலில் மட்டும் வேலை செய்யும்படி எலிகளுக்குள் புகுத்தினார்கள். விஷ ஊசி போட்டதும் ஈரல் அணுக்கள் மட்டும் மடிந்தன. இது 2001-ல்.

2005-ல் அமெரிக்காவில், மூளையில் பசியைக் கிளப்பும் நரம்பணுக்களை இதே வழியில் அழித்துப் பார்த்தார்கள். வளர்ந்த எலிகள் தீனியை ஏறெடுத்தும் பாராமல் பட்டினி கிடந்தன. பாவம், வாயில்லா ஜீவன்கள்! ஆனால் பிறந்த சில நாளிலேயே அந்த அணுக்களை இழந்த குட்டிகளோ, ஏறக்குறைய வழக்கம்போலவே தின்று வளர்ந்தன!