குறைமாதக் குழந்தையின் மூளை வளர்ச்சி

தோட்டத்தில் குறைமாதத்தில் ஒரு குழந்தை பிறந்துவிட்டால், "எத்தனை கிலோ இருக்கு?" என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. எடை ஏறி, கண்ணாடிப் பெட்டியை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டால், "இனிமே பயம் இல்ல" என்று இருந்துவிடுகிறோம். ஆனால், எடை ஏறிவிட்டால் மூளையும் சரியாக வளர்ந்துவிட்டது என்று பொருளல்ல.

முழுக் கர்ப்பம் 40 வாரம். 37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. 34 வாரத்தில் மூளையின் எடை, நிறைமாதத்தில் இருக்க வேண்டியதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மீதி வளர்ச்சி வயிற்றுக்கு வெளியே நடந்தாக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் என்ன பார்க்கிறார்கள்?

32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையின் மூளைக்குள் உள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் எளிதில் கசியும். பெரும்பாலும் முதல் வாரத்திலேயே. உச்சிக்குழியில் கருவியை வைத்து ஸ்கேன் எடுப்பது இதைப் பார்க்கத்தான். அது ஒலி அலையால் எடுக்கும் படம். எக்ஸ்ரே அல்ல, வலிக்காது. கசிவை 1 முதல் 4 வரை படி பிரித்துச் சொல்வார்கள். முதல் இரண்டு படி என்றால் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே வளர்கிறார்கள். 3, 4 என்றால் கூடுதல் கவனம் தேவை. "எத்தனையாவது படி, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். சில பாதிப்புகள் பல வாரம் கழித்தே தெரியும். அதனால்தான் மறுபடியும் ஸ்கேன் எடுக்கிறார்கள்.

கிளினிக்கில் மிஸ்ஸி டேப்பால் தலையை அளப்பதும் வெறும் சடங்கல்ல. தலை மிக வேகமாகப் பெருத்தால் நீர் கோத்திருக்கலாம். வளராமல் நின்றாலும் கவனிக்க வேண்டும்.

வயதை எண்ணும் முறை

இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு இன்று 6 மாதம் என்றால், 4 மாதப் பிள்ளை செய்வதைச் செய்தால் போதும். 2 வயது வரை இப்படிக் கழித்துப் பாருங்கள். "பக்கத்து வீட்டுப் பிள்ளை உட்காந்திருச்சே" என்று வீணாகக் கலங்க வேண்டாம்.

ஆனால், கழித்துக் கணக்கிட்ட பிறகும் கீழே சொன்னவை இருந்தால், "குறைமாசப் பிள்ளை அப்படித்தான், தானா சரியாயிடும்" என்ற பேச்சைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள்:

* 3 மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை.
* 4 மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை.
* 9 மாதம் ஆகியும் தனியாக உட்காரவில்லை.
* ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் நீட்டுகிறது.
* கை கால் விறைப்பாக, அல்லது துணிபோல் தொய்வாக இருக்கிறது.
* சத்தம் கேட்டுத் திரும்பவில்லை.
* 18 மாதம் ஆகியும் நடக்கவில்லை.

ஆயாக் கொட்டகையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடமும் இவற்றைச் சொல்லி வையுங்கள். பகலெல்லாம் பார்ப்பது அவர்தானே!

பிறந்தபோது எடுத்த ஸ்கேன் நன்றாக இருந்தாலும் கிளினிக் தேதியைத் தவறவிடாதீர்கள். கண், காது பரிசோதனையும் அவசியம். ஸ்கேனில் தெரியாத குறையும் பின்னால் தெரியலாம். முதல் இரண்டு ஆண்டில் மூளை மிக வேகமாகக் கற்றுக்கொள்கிறது. அப்போதே பயிற்சி தொடங்கினால் பலன் அதிகம்.

"ஒரு நாள் சம்பளம் போயிடுமே" என்கிறீர்களா? போகும், அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் விட்ட சம்பளத்தை அடுத்த மாதம் பிடித்துக்கொள்ளலாம். பிள்ளையின் இந்த இரண்டு ஆண்டு திரும்பி வராது.