மொழி தெரிந்தால் மண் தெரிந்துவிடுமா?

பிற மாநிலத்தைச் சேர்ந்த இளம் ஆட்சிப் பணி அதிகாரி ஒருவர் காவிரி டெல்டாவில் பொறுப்பேற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ் கற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறார். அறுவடைக்கு நின்ற பயிர் மழையில் சாய்கிறது. வயலைப் பார்வையிட்டு, 'இந்த நிலம் யாருடையது?' என்று தமிழிலேயே கேட்கிறார். பட்டாவில் உள்ள பெயர் விடையாக வருகிறது. 'இதில் பயிரிட்டவர் யார்?' என்று கேட்டிருந்தால் வேறொரு பெயர் வந்திருக்கக்கூடும். முதல் கேள்வியோடு அவர் நின்றுவிட்டால், கடன் வாங்கி நாற்று நட்டவருக்கு நிவாரணம் போய்ச் சேராது.

இந்தச் சிக்கல் புதிதன்று. 1799-ஆம் ஆண்டு இரண்டாம் சரபோஜியுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்திய கம்பெனியின் கைக்கு மாறியது. தன் இளம் அலுவலர்களைப் பயிற்றுவிக்க 1806-இல் இங்கிலாந்தில் ஒரு கல்லூரியைத் தொடங்கியது கம்பெனி. ஹெய்லிபரியில் நிலைபெற்ற அக்கல்லூரியில் பொருளியல் கற்பித்தவர் புகழ்பெற்ற மால்தஸ். ஆனால், இங்குள்ள மொழிகளை இங்குதான் செம்மையாகக் கற்க முடியும் என்பதை உணர்ந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸின் முயற்சியால், 1812-இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி உருவானது. உள்ளூர்ப் புலவர்கள் அங்கே ஆங்கிலேய அலுவலர்களுக்கு ஆசிரியர்களாயினர்.

மொழிப் பயிற்சி மட்டும் போதவில்லை. 'மிராசு' என்ற சொல்லை அறிந்தவர்களுக்கும் அது குறிக்கும் உரிமை எது என்பது விளங்கவில்லை. அது நிலத்தின் முழு உடைமையா, விளைச்சலில் பங்கா, ஊர்ப் பொதுவில் பாத்தியதையா? அரசு எழுப்பிய 17 வினாக்களுக்கு, சென்னை கலெக்டராக இருந்த எல்லிஸ் பழைய சாசனங்களின் துணையோடு எழுதிய விடைகள் 1818-இல் நூலாயின. வரி யாரிடம் வசூலிப்பது என்று அறியவே அவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது.

டெல்டாவில் ஒரே வயலை நம்பி மிராசுதாரர், குத்தகைதாரர், பண்ணையாள் என மூவர் இருந்தனர். மூவரையும் 'விவசாயி' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது. அதனால்தான் 1952-இல் தஞ்சை மாவட்டத்துக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலிப் பிரச்னை முற்றி, 1968-இல் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமையையும் இம்மண் கண்டது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-இல் சட்டம் இயற்றப்பட்ட பின்னும், வாய்மொழிக் குத்தகை மறையவில்லை.

முசௌரியில் உள்ள லால் பகதூர் சாஸ்திரி அகாதெமி, அதிகாரிகளுக்குப் பணிபுரியப்போகும் மாநிலத்தின் மொழியைக் கற்பிக்கிறது. மாவட்டப் பயிற்சியும் உண்டு. வெளியிலிருந்து வருபவருக்கு உள்ளூர்ச் சார்பு இல்லை என்பதும் ஒரு நன்மையே. எனினும், டெல்டாவுக்கு வருபவர் பொறுப்பேற்கும் முன் ஒரு சம்பா பருவம் முழுவதும் கிராம நிர்வாக அலுவலருடன் வயலில் நடக்கட்டும். அடங்கலில் உள்ள பெயரையும் வயலில் நிற்பவரையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்ற கணக்கை அறியட்டும். நில உடைமையாளரின் திண்ணையில் மட்டுமன்றி, நடவாட்கள் கஞ்சி குடிக்கும் வரப்பிலும் அமர்ந்து கேட்கட்டும்.

வரி வசூலிக்க வந்தவர்களே நிலத்தைப் படிக்க வேண்டியிருந்தது. நிவாரணம் வழங்க வருபவர்கள் அதைவிடக் கவனமாகப் படிக்க வேண்டாமா?