பாரம் எங்கே இருக்கிறது?

படகு வேகம் பிடிக்கவில்லை என்றால் பலரும் முதலில் எஞ்சினைத்தான் குறை சொல்கிறார்கள். குதிரைத்திறன் போதாது, பெரியதாக மாட்ட வேண்டும் என்பார்கள். சிறிய பைபர் படகில் அதற்கு முன்பே பார்க்க வேண்டியது பாரம் இருக்கும் இடம். 9.9 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் 40 கிலோவை ஒட்டி இருக்கும். 25 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 18 கிலோ. இரண்டும் பின்முனையில், அவற்றின் பக்கத்திலேயே ஓட்டுபவர். கயிறும் நங்கூரமும் ஐஸ் பெட்டியும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கட்டும் என்று அங்கேயே சேர்ந்துவிடும்.

மெதுவாகப் போகும் படகைத் தாங்குவது அது விலக்கும் நீர். வேகம் கூடும்போது முன்னால் ஓர் அலை எழும். அதன்மேல் ஏறி நீர்ப்பரப்பில் சறுக்கத் தொடங்கிய பிறகுதான் படகு லேசாக ஓடும். பின்பாரம் மிகுந்தால் படகின் முன்முனையான அணியம் வானத்தைப் பார்க்கும். எஞ்சின் முக்கினாலும் அலையைத் தாண்டாது. பெட்ரோல் தீரும், ஓட்டுபவருக்கு எதிரே இருப்பது தெரியாது. தாண்டிவிட்டாலும் முன்முனை எழுந்து விழுந்து குதித்துக்கொண்டே இருக்கும். அதற்காக எல்லாவற்றையும் முன்னே தள்ளுவதும் ஆபத்து: அணியம் நீரைக் குத்தும், பின்னாலிருந்து அலை தள்ளும்போது படகு குறுக்கே திரும்பிவிடலாம். எடையோடு தூரமும் கணக்கில் சேரும். 20 கிலோ பெட்டியை 3 மீட்டர் நகர்த்துவதும், 60 கிலோ ஆள் ஒரு மீட்டர் நகர்ந்து உட்காருவதும் படகுக்கு ஒன்றுதான்.

எஞ்சினின் சாய்வை மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். பிராக்கெட்டில் பின்னை ஒரு துளை மாற்றிச் செருகினால் அணியம் தாழும், உண்மைதான். ஆனால் முன்னே தள்ள வேண்டிய விசையில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். பக்கவாட்டுச் சாய்வை அது தீர்க்கவும் செய்யாது. பெரிய எஞ்சினோ கூடுதல் கனத்தோடு அதே பின்முனையில்தான் உட்காரும். அனுமதித்த எடைக்குள் ஏற்றினால் போதும் என்பதும் பாதி உண்மையே. அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான பெரும்பாலான மோட்டார் படகுகளில் 1972 முதல் தாங்கும் எடையைக் குறிக்கும் தகடு கட்டாயம். எவ்வளவு என்பதை அது சொல்லும். எங்கே வைப்பது என்பது ஏற்றுபவர் பொறுப்பு. எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால், எடை வரம்புக்குள் இருந்தாலும் படகு சாயும். அடியில் தேங்கிய நீரும் சாய்ந்த பக்கமே ஓடி, சாய்வை இன்னும் கூட்டும்.

ஆகவே கிளம்பும் முன் அடிநீரை இறைத்துவிடுங்கள். கனமானவற்றை நடுவில், தாழ்வாக, நகராமல் கட்டுங்கள். புது எஞ்சினுக்குப் பணம் புரட்டுவதற்கு முன், அமைதியான நீரில் பெட்ரோல் கேனை முன்னே நகர்த்தி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.